கல் படித்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. இன்றைக்குத் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக ஓடுகிற ஓசூரில் அன்று வாரச் சந்தையைத் தவிரப் பெரிய கூட்டம் எதுவும் கிடையாது. நான் பிறந்தது காவேரிப்பட்டினம். பதினெட்டு வயதில் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன்.

பெண் பார்க்க வந்த அன்றே ஒரு வேடிக்கை நடந்தது. என் பெரியப்பா, "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்டார்.

"ஆனர்ஸ் படிச்சிருக்கானுங்க, மெட்ராஸ்ல" என்றார் மாமனார்.

"அது சரிங்க. என்ன படிப்பு?"

மாமனார் கொஞ்சம் தயங்கினார். "பூமி, கல்லு, மண்ணு, அதையெல்லாம் பத்தின படிப்புங்க."

"கல்லு மண்ணு படிக்கறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் எதுக்குங்க போவணும்? நம்ம கொல்லையிலயே வேண்டிய மட்டும் கெடக்குதே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. கதவுக்குப் பின்னால் நின்ற நானும் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியிருக்கும் என்று எட்டிப் பார்த்தால், எல்லாரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் அதே கேள்வியைக் கேட்டேன். டாக்டருக்குப் படிக்க வைக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்களாம். இன்டர்மீடியட் படிக்கும்போது ஒரு வாத்தியார் மாணவர்களைப் பல்லாவரத்துக் குன்றுக்குக் கூட்டிப் போனாராம். 'இந்தப் பாறை ஒரு காலத்தில் பூமிக்குள் வெகு ஆழத்தில் இருந்தது, மேலே இருந்ததெல்லாம் கரைந்து போய் இப்போது நம் காலடியில் நிற்கிறது' என்று அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை. "நம்ம ஊரு மலையும் அப்படித்தான்னு தெரிஞ்சதும், அப்பவே ரயிலேறி வந்து பாக்கணும் போல இருந்திச்சு" என்றார். வீட்டில் சொல்லாமலேயே பாடத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்.

அவர் வகுப்பில் மொத்தமே ஒரு கைப்பிடி ஆட்கள்தான். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் அஸ்ஸாமில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடத்துக்கு. ஒருவர் பீகார் நிலக்கரிச் சுரங்கத்துக்கு. ஒருவர் அணை கட்டுகிற இடத்தில் அஸ்திவாரப் பாறை தாங்குமா என்று பார்க்கிற வேலைக்கு. இன்னொருவர் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தேடப் போனார். ஒரே ஒருவர் மட்டும் காலேஜிலேயே லெக்சரராக இருந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்காரின் நிலவியல் துறையில் வேலை. கல்லைப் படித்தால் வேலை கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கிற வேலைதான் கிடைக்காது!

மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோடை உச்சிக்கு வரும்வரை காடு, மலைதான். அப்புறம் வடக்கே தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, நடந்த இடத்தையெல்லாம் வரைபடமாகப் போட்டு அறிக்கை எழுதவேண்டும். இடையில் லீவு கிடைத்தால் ஊருக்கு வருவார். வந்து, நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்துப் பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுவார்.

மாமியார் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டுப்புழு வளர்த்தார்கள். நாள் முழுக்க முசுக்கொட்டை இலை நறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும். பொழுது போகாத இடம் சந்தைதான். காய் விற்கிற கன்னடக்காரம்மா என்னைப் பார்த்தவுடனே, "யஜமான்ரு பந்த்ரா?" என்பார். வீட்டுக்காரர் வந்தாரா என்று அர்த்தம். பிரியமாகத்தான் கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். போகப்போக அந்தக் கேள்விக்குப் பயந்தே சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வருஷம் அவரை வேப்பனப்பள்ளிப் பக்கத்து மலைகளுக்குப் போட்டார்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டி, மைசூர் ராஜ்யமும் ஆந்திராவும் எங்கள் ஜில்லாவோடு வந்து முட்டுகிற இடம். பழைய காலத்தில் அங்கே தங்கம் தோண்டிய குழிகள் இருந்தன. கோலார்ப் பக்கம் தங்கம் எடுக்கும்போது இங்கேயும் அதே பாறை தொடர்கிறதா என்று பார்க்கத்தான் இவர்களை அனுப்பியிருந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு பகல் பிரயாணம்தானே! வாரா வாரம் வந்துவிடுவார் என்று நினைத்தேன். பொங்கலுக்கு வந்தார். அவ்வளவுதான். தூரத்தில் இருந்தபோதுகூடத் தாங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்துகொண்டு வராததுதான் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரியில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார் வேலை காலியானது. அந்தப் பள்ளிக் கமிட்டியில் மாமனாருக்கு வேண்டியவர் ஒருவர் இருந்தார். ஆள் வந்து சரி என்று சொன்னால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார். மாமனார் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"கெளம்பும்மா, அவனைப் போய்ப் பாத்துட்டு வரலாம். நான் சொன்னா மல்லுக்கு நிப்பான். நீ சொன்னா கேப்பான்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் புடவை மாற்றப் போய்விட்டேன்.

ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். அதற்கப்புறம் மாட்டு வண்டி. வழி முழுக்க, அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'இப்படியே இருந்தா நான் எதுக்கு உங்களுக்கு?' என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதை நினைக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மாமனார் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே திரும்பிக்கொள்வார்.

புளியந்தோப்பில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அவர் இல்லை. சமையல்காரர் மட்டும் இருந்தார். கிருஷ்ணகிரிக்காரர், முஸ்லிம். வயதில் என் அண்ணனைப் போல இருப்பார். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வாங்கம்மா, வாங்க பெரியவரே. நீங்க வர்றதா அய்யா சொல்லவே இல்லீங்களே?"

"அவருக்கே தெரியாதுங்க" என்றேன்.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அய்யாவுக்குச் சோறு எடுத்துக்கிட்டு மேல போற நேரந்தான் இது. நீங்களே கொண்டாந்து குடுங்க. நான் வழி காட்றன்."

வண்டியில் குலுங்கி வந்த அலுப்பில் மாமனார் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். நான் தூக்குப் போசியை வாங்கிக்கொண்டு பாய்க்குப் பின்னால் ஏறினேன். முள் செடியும் சரளைக்கல்லுமாக ஒற்றையடிப் பாதை. அங்கங்கே பெரிய பெரிய பள்ளங்கள், பாதி தூர்ந்துபோய், உள்ளே செடி முளைத்துக் கிடந்தன. "ஓரமா வாங்கம்மா. அந்தக் காலத்துல தங்கம் தோண்டின குழிங்க" என்றார் பாய். கீழ் ஊர் ஜனங்கள் அய்யாவைப் பார்த்தால் தெலுங்கில், "பங்காரம் உந்தா சாமி?" என்று கேட்டபடியே இருப்பார்களாம். தங்கம் இருக்கிறதா என்று. அவர் ஒரு நாள்கூட இருக்கிறது என்றும் சொன்னதில்லையாம், இல்லை என்றும் சொன்னதில்லையாம்.

பாறை மேட்டுக்கு வந்ததும் அவரைப் பார்த்தேன்.

கொதிக்கிற பாறையில் குப்புறப் படுத்துக்கிடந்தார். எனக்குத் திக்கென்றது. பாய் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அவர் தலை அசைந்தது. பாயை நான் கையமர்த்தினேன். கண்ணோடு ஒரு சின்ன லென்ஸை ஒட்டி வைத்துக்கொண்டு பாறையை மோப்பம் பிடிப்பவர் மாதிரி நகர்ந்து கொண்டிருந்தார். தொப்பி எங்கோ விழுந்து கிடந்தது. ஆள் கறுத்து, இளைத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரு இடத்தில் நகர்வதை நிறுத்தினார். காம்பஸை வைத்துப் பார்த்தார். திரும்ப லென்ஸ். அப்புறம் எழுந்து மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லாத அந்த இடத்தில், தனியாகச் சிரித்தார்.

என்னால் அதை மறக்கவே முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பை அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. பொறாமையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு பெண்ணோடு அவரைப் பார்த்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். பாறையோடு என்ன சண்டை போடுவது?

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். பதறி எழுந்தார். "நீயா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. மாமாவும் வந்திருக்காரு. மொதல்ல சாப்புடுங்க."

சாப்பாடாவது! நான் எதற்கு வந்தேன் என்றுகூடக் கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இங்க வா, இதைப் பாரு, இதைப் பாரு." பாறையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. "உன் புடவைக் கொசுவம் மாதிரி இருக்குது பாரு. எல்லா மடிப்பும் ஒரே பக்கமா சாயுதா?" ஆமாம், சாய்ந்துதான் இருந்தது. பக்கத்தில் வெள்ளைக்கல் ஒரு நரம்பு மாதிரி போயிற்று. அதிலிருந்து உடைத்த சில்லைக் கொடுத்து, லென்ஸை என் கண்ணில் வைத்தார். உள்ளே மஞ்சளாகப் பொடிப்பொடியாக மின்னியது.

"தங்கம்!" என்று கத்திவிட்டேன்.

"தங்கம் இல்ல. இரும்பும் கந்தகமும். எல்லாரையும் ஏமாத்தும் அது."

"பின்ன எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"இந்த மடிப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியாமத்தான் இத்தன நாளா இந்த மலையைச் சுத்திக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் சுத்தமா தெரிஞ்சுது. இது தெரிஞ்சா அந்த வெள்ளைக்கல் பூமிக்கு அடியில எப்படிப் போவுதுன்னு சொல்லிடலாம்."

"அப்ப தங்கம் கெடைக்குமா?"

"கெடைக்காமலும் போவலாம். இல்லன்னா இல்லன்னு உறுதியா சொல்றதும் எங்க வேலைதான்" என்றார், அதே சந்தோஷத்தோடு.

ஒரு வேல மரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாய் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போது விஷயத்தைச் சொன்னேன். ஹைஸ்கூல் வேலை, மாமனார் கீழே காத்திருப்பது, எல்லாம். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"நான் என்னத்தைச் சொல்றது?"

"நைனா விடுன்னா சண்டை போடுவேன். நீ விடுன்னா விட்டுடறேன். நீ அங்க தனியா கெடக்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கற?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொல்லாமலே போசியை மூடி எடுத்துக்கொண்டேன்.

மலையை விட்டு இறங்கினோம். பாதை ஓரத்தில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கை பழக்கத்தில் இடுப்புச் சுத்தியலுக்குப் போயிற்று. எடுத்தார். ஓங்கவில்லை. ஒரு விநாடி அந்தப் பாறையையே பார்த்துவிட்டு, சுத்தியலைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். விட்டுவிடுவதற்கு இப்போதே பழகிக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் பின்னால் வந்துகொண்டிருந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே மாமனார் ஆரம்பித்தார். நியாயமான பேச்சுதான். வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, ஒரே பிள்ளை. ஹைஸ்கூல் வாத்தியார் என்றால் ஊரில் எழுந்து நிற்பார்கள். "பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்து பொண்டாட்டி கையால சாப்புடலாம். இங்க நரியோட எதுக்குடா குடும்பம் நடத்தற?"

"அவளைக் கேளுங்க நைனா" என்றார் இவர், தலையைக் குனிந்தபடி.

மாமனார் நிம்மதியாக என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா."

"வேணாங்க மாமா" என்றேன்.

"என்ன வேணாம்?"

"அந்த வேலை. அவரு இதுலயே இருக்கட்டுங்க."

மாமனாருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "பைத்தியமா உனக்கு? வழியெல்லாம் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு வந்தியே?"

"ஆமாங்க மாமா. அதனாலதான் சொல்றன். நானும் இங்கயே இருந்துக்கறன்."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "இங்கயா? பாம்பு வரும். தண்ணிக்குக் கீழ ஊருக்குப் போவணும்..." என்று தடுமாறினார். ஆனால் முகம் வேறு சொன்னது.

சமையல் கூடாரத்திலிருந்து பாய் குரல் கொடுத்தார். "இருக்கட்டுமுங்க அய்யா. நான் வெக்கற ரசத்துக்கு நீங்க மூஞ்சி சுளிக்கறதாவது நிக்கும்."

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டி மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். காலையில் வண்டி பூட்டினபோதும் என்னைப் பார்க்கவில்லை. நான் அழுதுவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் முள்ளுக்காடு. அவளுக்குக் கெட்டியா தோல் செருப்பு ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். வண்டி போய்விட்டது. அவர் கோபத்தை அதற்குமேல் அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பருவம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். அவர் கொண்டுவருகிற கல்லில் ஓர் ஓரமாக வெள்ளைப் பெயிண்ட் தொட்டு, காய்ந்ததும் அதன்மேல் நம்பர் எழுதி, துணிப்பையில் போட்டுக் கட்டுவது என் வேலையானது. நைஸ், ஷிஸ்ட், குவார்ட்ஸ் என்று பெயர்கள் வாயில் நுழைய ஆரம்பித்தன. ஒரு கல்லுக்கு அவர் ஒரு பெயர் சொல்லும்போது, நேற்று இதே மாதிரிக் கல்லுக்கு வேறு பெயர் சொன்னீர்களே என்று கேட்பேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுவார். ஒரு நாள், "நீ காலேஜுக்குப் போயிருந்தா என்னைத் தாண்டிப் போயிருப்ப" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் படிக்கவேண்டுமானால் பையன்களோடு உட்காரவேண்டும் என்று அப்பா சம்மதிக்கவில்லை. அன்று பெயிண்ட் டப்பாவை மூடுகிற சாக்கில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மலையில் தோண்டுகிற அளவுக்குத் தங்கம் இல்லை என்றுதான் அவர் எழுதினார். ஊர்க்காரர்களுக்கு ஏமாற்றம். அவருக்கு இல்லை.

அடுத்த வருஷம் இன்னொரு காட்டில் இன்னொரு கூடாரம். அதோடு சரி. வயிற்றில் பிள்ளை வந்தது. பிறகு இன்னொன்று. பிள்ளைகள் படிப்புக்காகக் கிருஷ்ணகிரியில் வீடு பிடித்தோம். அவர் ராஜஸ்தான், பீகார், அஸ்ஸாம் என்று போய்க்கொண்டே இருந்தார். மூத்த மகள் குப்புற விழுந்த பிறகுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தார். அப்போது அவள் அவரைக் கண்டு அழுதாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

அந்த ஹைஸ்கூல் வேலைக்கு வந்தவர் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். நல்ல மனிதர். தினமும் சாயங்காலம் ஒரு கையில் காய்கறிப் பையும் இன்னொரு கையில் பூப் பொட்டலமுமாக எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவார். அவர் சம்சாரம் வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொள்வார். நான் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். அந்த நேரத்துக்குச் சரியாக ஜன்னல் பக்கம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். இதை என் வீட்டுக்காரரிடம் நான் கடைசிவரைக்கும் சொன்னதில்லை.

அவர் ரிட்டையராகி வந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. கொஞ்ச வருஷம் சேர்ந்து இருந்தோம். பிறகு அவரும் போய்விட்டார். இப்போது பெண்பிள்ளைகளே இந்தப் படிப்பைப் படித்து, சுத்தியலும் கையுமாக மலையேறுகிறார்கள், ஆபீசராகக்கூட இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சந்தோஷமாக இருக்கிறது. கூடவே என்னை எட்டாவதோடு நிறுத்தியதும் ஞாபகம் வருகிறது.

ஒருவர் எதில் உயிரை வைத்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அதற்கு விலையாக என் சாயங்காலங்களைக் கொடுத்தேன், கொடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனாலும் அவை எனக்கு வேண்டும் என்று மனசு இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.